முட்டத்தில் ஒரு டம்ளர் கடல்

பெயின்ட் பெட்டியை நாகர்கோவிலில் வாங்கினோம்,
பஸ் மாறுகிற இருபது நிமிடத்தில்.
பள்ளிப் பிள்ளைகளுக்கானது.
பன்னிரண்டு வில்லை, ஒரே ஒரு பிரஷ்.
"இன்னொண்ணு வேணும்னா தனியா" என்றார் கடைக்காரர்.
"ஒண்ணு போதுங்" என்றான் மயில்சாமி.
பதினோரு வருடமாக
பல் விளக்குவது தவிர எல்லாவற்றுக்கும்
ஒன்று போதும் எங்களுக்கு.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே
பாறை இன்னும் சுட்டது. மணி நாலரை.
கொண்டுவந்த தண்ணீரை
வழியிலேயே குடித்துத் தீர்த்திருந்தோம்.
வாழ்க்கையில் முதல்முறை போட்ட அரைக்கால் சட்டையை
இன்னும் மேலே சுருட்டிக்கொண்டு இறங்கி
எவர்சில்வர் டம்ளரில்
கடலை மொண்டு வந்தான்.
வரும்போது முதுகில் ஓர் அடி கொடுத்தது அலை,
தெரிந்தவர் கொடுப்பது மாதிரி.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் அவனுக்கு
ஷேட் பார்க்கிற வேலை.
துண்டுத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
"சிவப்பு அரைப் புள்ளி ஏறியிருக்குது" என்பான்.
ஏறியிருக்கும்.
ஆற்றில் இன்று என்ன நிறம் ஓடும் என்று
பாலத்துக்கு வராமலே சொல்வான்.
சொன்ன பிறகு
கொஞ்ச நேரம் பேச மாட்டான்.

"எந்த நீலம்?" என்றான்.
"அதோ, அதுதான்."
"அது ஒரு நீலம் இல்லை, பூங்கொடி.
பாறையோரம் டர்காய்ஸ். அங்கே நேவி.
நடுவில் இருக்கிறது
எந்தக் கார்டிலும் கிடையாது."
சொல்லி முடிப்பதற்குள் ஒரு மேகம் நகர
மொத்த லாட்டும் மாறிவிட்டது.
துணி திரும்பி வந்த இரவுகளில்
அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.
இன்று அதில் சிரிப்பும் கலந்திருந்தது,
எத்தனை சதவீதம் என்று
அவனைத்தான் கேட்க வேண்டும்.

நான் கடைசியாக வரைந்தது
பிளஸ் டூவில், தவளையின் இதயம்.
மூன்று அறை, ஏழெட்டு அம்புக்குறி.
பிரஷைப் பிடுங்கி
தாளின் குறுக்கே ஒரே இழுப்பு.
"வானத்தைத் தொடாதே, காயட்டும்."
தொட்டேன்.
வானம் வழிந்து கடலுக்குள் போனது.
ஐந்து நிமிடம் எங்களுக்குள் பேச்சு இல்லை.
பிறகு அவன் சுண்டுவிரலைக் கறுப்பில் தோய்த்து
வழிந்த இடத்தில் ஒரு பாறை வைத்தான்.
பக்கத்திலேயே நான் கட்டைவிரலால் இன்னொன்று.
பிரஷ் டம்ளரிலேயே கிடந்தது.

வலை காயும் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான்.
பெயர் ஆன்றோவாம்.
"இதென்ன அண்ணா, மாங்காயா?"
"வள்ளம்."
"வள்ளம்னா எஞ்சின் எங்க?"
மயில்சாமி பின்பக்கம் ஒரு பொட்டு வைத்தான்.
அவன் தலையைச் சாய்த்துப் பார்த்து
"ம், இப்ப ஓடும்" என்று
பந்தைத் துரத்திப் போய்விட்டான்.

அறையில் ஃபேனுக்கு அடியில் காயப்போட்டோம்.
மீன்குழம்பு சாப்பிட்டுத் திரும்பினால்
நீலத்துக்குள் பொடிப்பொடியாய் வெள்ளை:
நாங்கள் போடாத நுரை.
அவன் குனிந்து
நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தான்.
"உப்பு" என்றான்,
பெரிய ஆர்டர் பாஸான குரலில்.

மறுநாள் குளிக்கும்போது
என் கழுத்தோரத்திலிருந்து நீலம் கரைந்து ஓடியது.
பதினோரு வருடமாக அந்தக் கைகளின் சாயத்தை
தலையணை உறையில், சோற்றுத் தட்டில்
தேய்த்துத் தேய்த்துப் போக்கியவள் நான்.
அன்று சோப்பைத் திருப்பி வைத்தேன்.

படம் இப்போது எங்கள் பீரோக் கதவில்.
முழுக்கடல் என்று சொல்ல முடியாது,
முக்கால்வாசி தகராறு.
ஐப்பசி மழை பிடித்தால்
தாளில் இருக்கும் உப்பு ஈரம் குடித்துப் பிசுபிசுக்கிறது.
நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவன்
டிபன் பாக்ஸை இடுக்கிக்கொண்டு
ஒரு விரல் வைத்துப் பார்க்கிறான்.
"இன்னும் செட் ஆகலை" என்கிறான்.
விரலைத் துடைக்காமல்
செருப்பைத் தேடுகிறான்.